கிளட்ச் சத்தம் நின்ற வாரம்

டிசம்பர் 20, சனி

நல்ல குளிர். ஸ்வெட்டர் தேடினேன், கிடைக்கவில்லை. ஆபீஸ் லீவு.

இன்று முடிக்க வேண்டியவை: கார் கிளட்ச் பெடல் (இனி கி.பெ.) கிறீச் சத்தம். முடிவெட்டு. ஆபீசுக்குப் பம்ப் டெஸ்ட் ரிப்போர்ட்.
முடித்தது: முதலாவது மட்டும். ஆனால் பக்காவாக.

கி.பெ. சத்தம் ஒரு மாதமாகவே உண்டு. குளிர் வந்ததும் தாங்க முடியவில்லை. அம்மா விடியற்காலையில் கடைகளுக்கு இட்லி மாவு போட வண்டியை எடுத்தால் தெருவே எழுந்துவிடுகிறது. எதிர்வீட்டுக்காரர் நேற்று கேட்டேவிட்டார். "ஏனுங் தம்பி, உங்க கார்ல கீரிப்புள்ள ஏதாச்சும் மாட்டிட்டிருக்குதுங்களா?"

தலை கீழே, கால் சீட் மேலே, வாயில் டார்ச். இந்தக் காருக்குள் எப்போதும் புளித்த மாவு வாசம். என்ன கழுவினாலும் போகாது. அப்பா ஓட்டிய காலத்தில் இந்த வாசம் கிடையாது. சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்து, டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்ற பிறகு அம்மா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல். லைசென்ஸ் வாங்கியதும் இட்லி மாவு வியாபாரத்தைப் போத்தனூரிலிருந்து மதுக்கரை வரை நீட்டிவிட்டார். அம்மா ஓட்டுவார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கடை கடையாகப் பாக்கெட்டும் வாளியுமாக எடுத்துக் கொடுப்பார். அம்மா குள்ளம். கீழே ஒரு சிவப்புக் குஷன் போட்டால்தான் ரோடு தெரியும்.

பெடல் ஆடும் பின்னைச் சுற்றி வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. பழைய கிரீஸ் என்று நினைத்து மோந்து பார்த்தால், தேங்காய் எண்ணெய்! கோடையில் எண்ணெய், மார்கழியில் மெழுகு. உறைந்த எண்ணெய் எப்படி வழுக்கும்?

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கதவுக் கீலுக்கு அதத்தானே கண்ணு உடறோம். கதவு கத்துதா?"

"இது கதவு இல்லம்மா. மெஷின்."

"தையல் மெஷினுக்கும் அதேதான் உடறேன்."

படித்தவன் பேச ஒன்றும் இல்லை. போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். 'அம்மாவின் கண்டுபிடிப்பு: தேங்காய் எண்ணெய் கிளட்ச். அடுத்து பெட்ரோலுக்குப் பதில் நல்லெண்ணெய்.' சித்தப்பாவிடமிருந்து வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அம்மாவும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டார்.

மெழுகைச் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்து, நல்ல கிரீஸ் வைத்தேன். சத்தம் சுத்தமாக நின்றது. பூனை மாதிரி.

கையோடு இன்னொரு வேலை. ரிவர்ஸ் போடும்போது இரண்டு மூன்று முறை கரகர என்றது. கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கும். பானெட்டைத் திறந்து நட்டை இறுக்கினேன். அளக்கவில்லை. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கைக்கே தெரியும்.

ரிவர்ஸ் இப்போது வெண்ணெய்.

முடிவெட்டுக் கடையில் கூட்டம். திரும்பி வந்துவிட்டேன்.


டிசம்பர் 21, ஞாயிறு

காரமடை ரங்கநாதர் கோயில். நான், அம்மா, அப்பா, சித்தி, சித்தப்பா. சித்தி அம்மாவின் தங்கை. அக்கா ஓட்டிப் பார்த்ததே இல்லையாம், பார்க்க வேண்டுமாம். அம்மா நேற்றே குஷனுக்கு உறை மாற்றி வைத்திருந்தார். பட்டுச் சேலை. கண்ணாடியை மூன்று முறை திருத்தினார்.

நான் முன்சீட். மற்ற மூவரும் பின்னால்.

தெருமுனை தாண்டியதும் அம்மா மெல்லச் சொன்னார். "கண்ணு, இப்ப கால முழுசா எடுத்தாத்தான் வண்டி நவுருது. முன்ன இப்படி இல்ல."

"டைட் பண்ணியிருக்கேன். அப்படித்தான் இருக்கும். பழகிக்கம்மா."

மேட்டுப்பாளையம் ரோடு வரை ஒன்றும் இல்லை. சித்தி ஒவ்வொரு ஹாரனுக்கும் "அக்கா, சூப்பருங்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேம்பாலத்தில் ஏறும்போது நெரிசல். நின்று, நகர்ந்து, நின்று. பாதி ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. கருகல் வாசம். பின்னால் பஸ். ஹாரன்.

கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் வரும் வாசம் அது. எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன்.

"கிளட்ச்ல இருந்து கால எடு!"

"எடுத்துட்டேன் கண்ணு."

"எடுத்தா எப்படி எரியும்? எடு!"

"எடுத்துத்தான் இருக்குது..."

"பொய் சொல்லாத! மாவரைக்கறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? இது என்ன கிரைண்டர் ஸ்விட்சா? எறங்கு. எறங்குன்னு சொல்றேன்ல?"

அம்மா இறங்கினார். சேலை கதவில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு, காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். பாலத்தில் நின்ற வண்டி முழுக்க வேடிக்கை. பைக்கில் ஒரு ஆள் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுச் சொன்னார். "ஏனுங், அம்மணிய முன்னயே எறக்கியிருக்கலாம்ல? பஸ்சே நிக்குது பாருங்."

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் தலை கூரையில் இடித்தது. குஷனை உருவிப் பின்னால் எறிந்தேன். சித்தப்பா பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் முன்னால் வழியும் விட்டது. முக்கி முனகி உச்சிக்கு ஏற்றிவிட்டேன். அதன்பின் இறக்கம்தான்.

"பாரு," என்றேன். சித்தப்பா குஷனை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

கோயிலில் நல்ல தரிசனம். அம்மா கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். வரும்போது நானே ஓட்டினேன். ஏற்றம் வரும்போதெல்லாம் வேகமாக வந்து தள்ளிவிட்டேன். அம்மா பின்சீட்டில். சித்தி எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தார். அம்மா வாங்கவில்லை. "எனக்கு வேண்டா சாமி."

சாயந்திரம் குரூப்பில் சித்தப்பாவின் வாய்ஸ் மெசேஜ். "இன்னிக்கு எங்கூட்டு அம்மணியோட அக்கா மேம்பாலத்து மேலயே ஸ்பெஷல் ரோஸ்ட் ஊத்திட்டாங்கப்பா. கருகல் வாசம் காரமடை வரைக்கும்!" பதினைந்து பேருக்கு மேல் சிரித்திருந்தார்கள். நானும் ஒரு பொம்மை போட்டேன்.

சித்தி கொடுத்ததைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். முறுக்கு எண்ணெய் சரியில்லை போல.


டிசம்பர் 22, திங்கள்

குளிர் குறையவில்லை. ரிப்போர்ட் காலையில் அவசரமாக முடித்தேன்.

கார் ஷெட்டிலேயே. அம்மா ஆட்டோவில் மாவு போட்டுவிட்டு வந்தார். தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன். கேட்டதற்கு, "டிராபிக்கா இருக்குது கண்ணு. ஆட்டோன்னா சோலி முடிஞ்சுது." கார் சாவி ஆணியில். சிவப்புக் குஷன் சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில். அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு விதத்தில் நிம்மதி. கிளட்ச் பிளேட் தப்பியது.

ஆபீசில் எரிச்சல். அசெம்பிளியில் ஒருவன் பம்பின் ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கிளாண்டை இறுக்கித் தொலைத்துவிட்டான். சொட்டுத் தண்ணீர்கூடக் கசியக் கூடாதாம் அவனுக்கு. கொஞ்சம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் உரசி எரியும் என்பது முதல் பாடம். ஷாஃப்ட் சூட்டில் நீலம் பாரித்துவிட்டது. "அளந்தியா?" என்றேன். "கைக்கு தெரியும் சார்" என்றான். எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.


டிசம்பர் 24, புதன்

மேகமூட்டம். முடிவெட்டியாயிற்று. கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டான்.

இன்றும் ஆட்டோ. ஸ்கூல் பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் அண்ணன் வருவார். மதுக்கரை கடைகளுக்கு மாவு போய்ச் சேர்வதற்குள் காலை டிபன் நேரமே முடிந்துவிடுகிறது. மார்க்கெட் பக்கத்துக் கடைக்காரர் வேறு ஆளிடம் மாவு எடுத்துவிட்டாராம். பாதி வாளி திரும்பி வந்திருக்கிறது.  அப்பா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இல்லீங், ஊட்டுக்காரி இப்ப கார் எடுக்கறதில்லீங். மதுக்கரைய உட்டுர்லாமான்னு ரோசனை."

ராத்திரிக்குத் தோசை. நாளைக்கும் தோசைதான்.

அம்மா என்னிடம் வழக்கம்போல்தான் பேசுகிறார். சட்னி வேணுமா. சட்டை எடுத்துப் போட்டாயா. திட்டினால்கூடப் பரவாயில்லை.


டிசம்பர் 25, வியாழன்

ஆபீஸ் லீவு. ஆட்டோ அண்ணன் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போய்விட்டார். அதனால் மாவு போட நான். பக்கத்தில் அப்பா. பின்சீட்டில் வாளிகள்.

கி.பெ. சத்தமே இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

ரயில்வே பாலம். ஏற்றம். முன்னால் சிமெண்ட் லாரி ஊர்ந்து போகிறது. நானும் இரண்டாவது கியரில். ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் கத்தியது. வண்டி ஏறவில்லை.

வாசம் வந்தது.

இடது காலைப் பார்த்தேன். தரையில் இருந்தது. பெடல் பக்கத்தில்கூட இல்லை. மேட் மேல் செருப்போடு சும்மா இருந்தது.

அப்பா மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்கு வந்த அதே வாசமாட்ட இருக்குது."

எப்படியோ பாலம் தாண்டி, ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, பானெட்டைத் திறந்தேன். கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். துணி காயப்போடும் கொடிக்கம்பி மாதிரி. துளி ஆட்டம் இல்லை. அவ்வளவு இறுக்கினால் பெடலில் யார் காலும் இல்லாமலே கிளட்ச் பாதி மிதித்த மாதிரிதான் இருக்கும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் எரியாமல் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்ததும் வண்டி ஏறியது என் திறமையால் இல்லை. உச்சி பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா காலை எடுத்துத்தான் இருந்தார். முதலிலேயே சொன்னார், பிடிக்கிற இடம் மாறிவிட்டது என்று. பழகிக்கம்மா என்றேன்.

கிளாண்டை இறுக்கியவன் ஞாபகம் வந்தான்.

இன்ஜின் ஆறும் வரை நின்று, நட்டைத் தளர்த்தினேன். இந்த முறை ஸ்கேல் வைத்து அளந்தேன். பெடல் முதலில் கொஞ்சம் சும்மா ஆடி, பிறகு பிடித்தது. மீதி வழி முழுக்க ஒரு குறையும் இல்லை.

"என்னடா ஆச்சு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லீங்ப்பா. சின்ன அட்ஜஸ்ட்மென்ட்."

வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது.

வீட்டுக்கு வந்து சாவியை அம்மாவிடம் நீட்டினேன். "வண்டி இப்ப நல்லா இருக்குதும்மா. நாளைக்கு நீயே எடு." காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே சரியாகிவிடும் என்று கணக்கு.

அம்மா கையை முந்தானையில் துடைத்தார். சாவியை வாங்கவில்லை.

"வேண்டா கண்ணு. நீ சொன்னது சரிதான். காலை எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். எனக்கே தெரியாம வெச்சிருப்பேனாட்ட இருக்குது. இந்த வயசுல கால் எங்க இருக்குதுன்னே தெரியறதில்ல. நாலு உசுரு வண்டியில உக்காந்திருக்கறப்ப தப்பாயிருந்தா?"

அவர் காலை அவரே நம்பவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டார்.

அப்போதும் சொல்லவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, போன் வந்த மாதிரி மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். போன் வரவில்லை.


டிசம்பர் 26, வெள்ளி

ஆபீசில் கிளாண்ட் ஆளிடம் பேசினேன். "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி பேசியிருக்கக் கூடாது" என்றேன். "பரவால்லீங் சார், தப்பு என்னுதுதானுங்" என்று அவன் நெளிந்தான். இது ஒத்திகை என்று அவனுக்குத் தெரியாது.

நாள் முழுக்க அம்மாவிடம் சொல்வதற்கு வாக்கியம் தயாரித்தேன்.
'கேபிள் கொஞ்சம் டைட் ஆகியிருந்தது.' (தானாகவா ஆகும்?)
'ரெண்டு பேர் மேலயும் தப்பு.' (இல்லை.)
'நான் இறுக்கினேன்.' இது ஒன்றுதான் தேறியது.

ஆறு மணிக்கு வீடு. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மேல் கையை வைத்து என் பக்கம் பார்த்தார். உருவம் மட்டும்தான் தெரியும் அவருக்கு.

"நேத்து பாலத்துக்கு அக்கட்ட பானெட்டத் தொறந்தியே. உம்மேல தப்புத்தானே?"

"ஆமாங்ப்பா."

"நெனச்சேன். அவ கால் வெச்சு ஓட்டறவ இல்ல. அந்தக் கீச்சு சத்தம் இருந்தப்ப எனக்கு நல்லாத் தெரியும். கியர் மாத்த மிதிக்கறப்ப ஒருக்கா கத்தும், உடறப்ப ஒருக்கா கத்தும். நடுவுல கம்முனு கெடக்கும். கால வெச்சே ஓட்டுனா மதுக்கரை வரைக்கும் கத்திக்கிட்டேல்ல வரோணும்? நீ சத்தத்த நிறுத்திப்போட்ட. அப்பறம் அவளுக்கு ஏது சாட்சி?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லியிருக்கோணும். நீ கத்துன கத்துல, படிச்சவன் சொல்றான், சரியா இருக்கும்னு உட்டுட்டேன். எனக்கும்தான் அசிங்கமா இருக்குது. போ, போய்ச் சொல்லு."

சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "கேபிள நான்தான்ம்மா அதிகமா இறுக்கிட்டேன்" என்றேன், கல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு.

அம்மா கையை நீட்டி கிரைண்டரை அணைத்தார். வீடு திடீரென்று அமைதி.

"என்னமோ சொன்னியே. கேக்கல."

மறுபடி சொன்னேன். நான்தான் இறுக்கினேன், அளக்கவில்லை, அதனால்தான் எரிந்தது, நேற்று எனக்கும் எரிந்தது, உன் கால் சரியாகத்தான் இருந்தது. எல்லாம். மன்னிச்சுக்கம்மா என்பதும். 

அம்மா கையில் மாவோடு நின்றார்.

"பாலத்து மேல சொன்னது நல்லாக் கேட்டுச்சு கண்ணு," என்றார். "பைக்காரனுக்கே கேட்டுச்சு."

கிரைண்டரை மறுபடி போட்டுவிட்டார்.

அறைக்கு வந்தேன். குரூப்பைத் திறந்தேன். தேங்காய் எண்ணெய் போட்டோவை அழிக்கலாம் என்று பார்த்தால் எனக்கு மட்டும்தான் அழியும் என்கிறது. எல்லோரிடமும் அப்படியே கிடக்கும். நாலைந்து முறை எழுதி அழித்து, கடைசியில் இதைப் போட்டேன்:

'ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்தில் கிளட்ச் எரிந்ததற்குக் காரணம் நான். சனிக்கிழமை அளக்காமல் கேபிளை இறுக்கியது நான். அம்மா சரியாகத்தான் ஓட்டினார். நான் அவரைக் கத்தி இறக்கிவிட்டது தவறு.'

 முதலில் சித்தி ஒரு கைகூப்பு. சித்தியின் மகன், 'இன்ஜினியர் சார், டிகிரிய கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்க.' சித்தப்பா போன் செய்தார். "அதயெல்லாம் எதுக்கு தம்பி குரூப்புல போட்டுக்கிட்டு? சும்மா தமாசுக்குத்தானே சொன்னோம்." "நான் தமாசுக்குச் சொல்லலீங் சித்தப்பா" என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அம்மா படித்துவிட்டதாக நீலக்குறி காட்டியது.  இந்த முறை பொம்மை இல்லை.


டிசம்பர் 27, சனி

குளிர். கொல்லைக் கதவுப் பக்கம் தேங்காய் எண்ணெய் பாட்டில் கல் மாதிரி.

விடியும்போது ஷெட் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். ஆட்டோ இல்லை. சமையலறை நாற்காலியில் குஷன் இல்லை. ஆணியில் சாவி இல்லை. வேட்டியோடு ஓடினேன். அம்மா டிரைவர் சீட்டில், அப்பா பக்கத்தில். அப்பா முன்பக்கம் பார்த்தபடி சிரிப்பை அடக்குகிறார்.

"நானும் வாரேன்ம்மா. ஒருக்கா செக் பண்ணிக்..."

"பின்னால உக்காரு," என்றார் அம்மா. "அந்தப் பெரிய வாளி சாயுது. அதப் புடிச்சுக்க."

முழங்கால்களுக்கு நடுவே மாவு வாளி. மூடி சரியாக மூடவில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் வேட்டியில் கொஞ்சம். முதல் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, அம்மணி வந்துட்டாங்களா! இதாருங், பின்னால? புது ஆளா?"

"என்ற பையனுங்," என்றார் அம்மா. "வாளி புடிக்க வந்திருக்கறான்."

ரயில்வே பாலம். ஏற்றத்தின் நடுவில் முன்னால் ஒரு டவுன்பஸ் நின்றது. அம்மாவும் நிறுத்தினார். ஹேண்ட்பிரேக். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். பஸ் நகர்ந்தது. வண்டி ஒரு சாண் பின்னால் போனது. எனக்கு வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. வாளியை இறுகப் பிடித்துக்கொண்டேன். இன்ஜின் லேசாக உறுமியது. அம்மாவின் முழங்கால் மெதுவாக மேலே வந்தது. வண்டி ஏறியது.

உச்சியைத் தாண்டும்போது, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஒரு வாரத்தில் முதல்முறை.

"வாசம் வருதா?"

"இல்லம்மா."

"நல்லா மோந்து பாத்துச் சொல்லு."

மோந்து பார்த்தேன். மாவு வாசம்தான். வேறு ஒன்றும் இல்லை.

"அன்னிக்கு மாதிரி சத்தமாச் சொல்லு. அப்பாவுக்குக் கேக்கோணும்."